ஆறு மணிக் கள்ளவோட்டு

அத்தியாயம் 4

வாண்டில் பல்கலைக்கழகத்தில் மழைக்கு ஒழுகாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான். அது கட்டணம் வாங்கும் அலுவலகம். நூலகத்தில் புத்தகத் தட்டுகளுக்கு நடுவே வாளி வைத்திருந்தார்கள். விரிவுரை மண்டபத்து ஹீட்டர் ஐப்பசியில் செத்தால் பங்குனியில்தான் உயிர்த்தெழும். குரோய்டன் முழுக்க இது தெரியும், நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாது.

இந்த லட்சணத்தில் மாணவர்களிடம் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆளுக்கு வருடம் இருநூறு பவுண் கூடுதலாகக் கொடுங்கள், நீச்சல் குளம், பாறை ஏறும் சுவர், தியானத்துக்கு ஒரு மௌன அறை எல்லாம் சேர்த்து ‘நலவாழ்வு வளாகம்’ கட்டித் தருகிறோம், சம்மதமா என்று கேட்டார்கள். காலையில் வகுப்பு, மாலையில் சூப்பர்மார்க்கெட் ஷிப்ட், அதற்குப் பிறகு ரயில் என்று ஓடும் பிள்ளைகள் எந்த நேரத்தில் பாறை ஏறுவார்கள் என்று யோசிக்கும் அறிவு அங்கே ஒரு பேராசிரியருக்கும் இருக்கவில்லை.

“மௌன அறைக்கு எதுக்குக்கா புதுக் கட்டடம்? கட்டணத்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டா இந்த ஆபீஸ் முழுக்க மௌன அறைதான்” என்றான் யோகேஸ்வரன், கன்டீன் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே.

யோகேஸ்வரன் ஈப்போக்காரன். கணக்கியல் படிக்க லண்டன் வந்து, ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருபத்தைந்து வருடம் சம்பளம் வாங்கி, கம்பனி கைகழுவிய பிறகு தவநாயகியின் துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்தவன். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடிதான் அந்த நிலையம். மாப்பிள்ளை சொன்ன வேலை உண்மையிலேயே இருக்கிறதா, அவருக்கு ஏற்கெனவே எத்தனை மனைவி என்று விசாரிப்பதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. தவநாயகி வாயைத் திறப்பது குறைவு. அந்தக் குறையை யோகேஸ்வரன் சம்பளம் கூட்டிக் கேட்காமலே நிரப்பி வந்தான்.

அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள் ஜதுர்ஷிகா. மருந்தாளர் படிப்பில் கடைசி வருடம். ரெய்னர்ஸ் லேனிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து தினமும் வந்து போகிறவள். தமிழ்ச் சங்கத்தின் தலைவி. கட்டண உயர்வு வேண்டாம் என்று பிரசாரம் செய்த அணிக்கும் அவளே தலைவி. இப்போது கள்ளவோட்டுப் போட்டவள் என்ற பட்டமும் சேர்ந்திருந்தது. அன்று பின்னேரம் நான்கு மணிக்கு ஒழுக்க விசாரணை. குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்குவார்கள். ஏமாற்றுக்காரி என்று பதிவானவளை மருந்தாளராக இந்த நாட்டில் எவனும் பதிய மாட்டான். நான்கு வருடமும், மினிகேப் ஓட்டும் தகப்பன் இராஜேந்திரனின் முதுகு வலியும் வீண்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள். இரண்டு மேசை தள்ளி இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அவளைக் கண்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். அதில் ஒருத்தி மேனுஷா, முதல் வருடத்திலிருந்து இவளோடு ஒரே குடையில் நடந்த சிநேகிதி. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜதுர்ஷிகா குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடுவது போல் கண்ணைத் துடைத்தாள். யோகேஸ்வரனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, வாயில் வந்த பகிடியை விழுங்கிக்கொண்டான்.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை பெரிய மண்டபத்தில் தமிழ்ச் சங்கத்தின் வாணி விழா. வருகிற மாணவர்கள் வாக்களிக்கட்டும் என்று மாணவர் ஒன்றியம் வாசலில் ஒரு டேப்லட் வைக்க ஏற்பாடு செய்தது. மாணவர் இலக்கமும் பிறந்த திகதியும் அடித்தால் வாக்களிக்கலாம். அந்த டேப்லட்டிலிருந்து ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் நூற்றைம்பதுக்கு மேல் வாக்குகள் விழுந்தன. எல்லாம் ‘வேண்டாம்’. எல்லாம் தமிழ்ச் சங்க அங்கத்தவர்களின் பெயரில், அவர்களுடைய இலக்கமும் பிறந்த திகதியும் சங்கத் தலைவி என்ற முறையில் ஜதுர்ஷிகாவிடம் இருந்தன. விழா முடிந்து ஆறுதலாக வாக்களிக்கப் போனவர்களிடம், நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள் என்று டேப்லட் சொன்னது. பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். தங்கள் வாக்கைத் தங்கள் தலைவியே களவெடுத்துவிட்டாள் என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு ஒரு இரவுகூட எடுக்கவில்லை.

அந்தக் கள்ளவோட்டுகளைக் கழித்த பிறகும் ‘வேண்டாம்’ அணியே முன்னால் நின்றது. ஆனால் மோசடி செய்த அணியைத் தகுதி நீக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. நீக்கினார்கள். எதிரணி வென்றதாக அறிவித்தார்கள். நிர்வாகம் வாழ்த்துச் சொன்னது.

“விழா எத்தனை மணிக்குத் தொடங்கினது, பிள்ளை?” என்று கேட்டார் தவநாயகி.

“ஆறு மணிக்கு, அன்ரி. டாண் எண்டு தொடங்கினனாங்கள்.” அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ஆறுக்கே?”

“ஓம். ஆறுக்கு.”

தவநாயகி மேலே ஒன்றும் கேட்கவில்லை, சீனி போடாத தேநீரைக் கலக்கத் தொடங்கினார். அவர் ஒருவரை நம்பினால் கேள்விக்கு மேல் கேள்வி கேட்பார், நம்பாவிட்டால் தேநீர் கலக்குவார் என்பது யோகேஸ்வரனுக்குப் பழக்கம். இந்தப் பெண் என்ன பொய் சொன்னாள் என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

* * *

கட்டண உயர்வு வேண்டும் என்று பிரசாரம் செய்த மாணவர் ஒன்றியத் தலைவன் கிருஷாந் அவர்களை எழுந்து நின்று வரவேற்றான். கிருஷாந் என்று கூப்பிட வேண்டாம், கிரிஸ் போதும் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டான். தகப்பன் சர்ரேயில் பல் வைத்தியர். பிள்ளையின் பல்வரிசையைப் பார்த்தால் தகப்பனுக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. மேசையில் நலவாழ்வு வளாகத்தின் மாதிரி ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள். நீச்சல் குளத்துக்கு நீலத் தாள் ஒட்டி, பக்கத்தில் விரல் நக அளவில் பொம்மை மனிதர்கள். ஒரு பொம்மையும் ஷிப்டுக்கு ஓடவில்லை. கட்டடத்தின் நெற்றியில், திறப்பு விழாக் கல்வெட்டுக்கு இடம் விட்டிருந்தது.

தவநாயகி தமிழில் பேசினார். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். தமிழ் புரியுமாம், ஆனால் அது தன்னுடைய ‘வேலை மொழி’ இல்லையாம். சமூகம் என்றான், பயணம் என்றான், எல்லோரையும் உள்ளடக்கிய எதிர்காலம் என்றான். ஜதுவுக்கு நடந்தது தனக்கு நெஞ்சை உடைக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

நெஞ்சு உடைந்த நிலையிலும் அவன் சாட்சி சொல்லத் தவறவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு மரியாதைக்காக விழாவுக்குப் போனானாம். மண்டபம் நிரம்பி வழிந்ததாம். வாசலில் டேப்லட்டுக்கு முன் நீண்ட வரிசையாம். ஜதுர்ஷிகா ஒவ்வொருவரிடமும் இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கேட்டு, உதவுகிறேன் என்று தானே அடித்துக்கொண்டிருந்தாளாம். ஆறரைக்கு வேறு ஒரு கூட்டம் இருந்ததால் கிளம்பிவிட்டானாம். இதையேதான் விசாரணையிலும் சொல்லப் போகிறான்.

“இருக்கிறதுக்கு இடம் கிடைச்சதோ, தம்பி?”

இல்லை, பின்னால் சுவரோரம் நின்றேன், கால் வைக்க இடமில்லை என்றான். தவநாயகி நன்றி சொல்லி எழுந்தார். வெளியே வந்ததும் யோகேஸ்வரன், இவ்வளவு நல்ல பிள்ளையை நான் மாப்பிள்ளை விசாரணையில்தான் பார்த்திருக்கிறேன், அந்த ஆளுக்கு மலேசியாவில் ஒரு குடும்பம், டென்மார்க்கில் ஒரு குடும்பம் என்றான்.

தோர்ண்டன் ஹீத்துக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் தவநாயகி வாயைத் திறந்தார்.

“ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லுகினம், தம்பி. அவள் ஏன் சொல்லுறாள் எண்டு எனக்குத் தெரியும். அவன் ஏன் சொல்லுறான் எண்டதுதான் கேள்வி.”

“எந்தப் பொய்க்கா?”

“லண்டனில எந்தத் தமிழ் விழா அழைப்பிதழில போட்ட நேரத்துக்குத் தொடங்கியிருக்கு?”

யோகேஸ்வரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். தெரியாத விஷயமா இது? ஆறு மணி என்று அச்சடித்தால் ஆறு மணிக்கு அம்மா குளிக்கப் போவாள். ஆறரைக்கு அப்பா சேர்ட்டுக்கு அயர்ன் தேடுவார். ஏழுக்கு நட்டுவாங்கம் செய்கிற ஆசிரியை வழியில் நிற்பதாகச் செய்தி வரும். ஏழேமுக்காலுக்கு மைக் ஒருமுறை கூவும். எட்டுக்கு ஒருவர் மேடையேறி, சரியான நேரத்துக்கு வருகை தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி என்பார். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்திப் போய்க் குந்தியிருக்கும் அதே சனம்தான். தமிழ் விழா என்றால் மட்டும் முதல் ஆளாகப் போவது ஏதோ சாப்பாட்டுக்கு அலைவது போல என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

“எங்க ஈப்போல அப்படி இல்லக்கா. ஏழரைன்னா எட்டரைக்கெல்லாம் வந்துருவோம். நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்றான்.

ஜதுர்ஷிகா ஏன் பொய் சொன்னாள் என்பதையும் தவநாயகி வழியிலேயே சொல்லி முடித்தார். போன வருடமும் விழா பிந்தியிருக்கும். இனியும் பிந்தினால் பெரிய மண்டபம் கிடையாது என்று ஒன்றியம் எச்சரித்திருக்கும். அதனால் அடுத்த நாள் கேட்டபோது ஆறு மணிக்கே தொடங்கினோம் என்று பெருமையாகச் சொல்லியிருப்பாள். சொன்ன பிறகுதான் களவுக் குற்றச்சாட்டு வந்திருக்கும். இனி மாற்றிச் சொன்னால் பொய்க்காரி ஆகிவிடுவோம் என்று பயந்து, கழுத்தில் விழுந்த சுருக்கைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

“அப்ப ஆறு மணிக்கு அங்க யார்தான் இருந்தா?”

“ஒருத்தன் இருந்திருப்பான்” என்றார் தவநாயகி. “தமிழ் விழாவுக்கு நேரத்துக்குப் போற ஒரே தமிழன்.”

* * *

பாலேந்திரா வீடியோக்காரர். கடைப் பலகையில் ‘இயக்குநர் பாலேந்திரா’ என்று போட்டிருந்தார். பிறந்தநாள், சாமத்தியவீடு, கல்யாணம், செத்தவீடு என்று எதையும் விடாமல் பிடித்து, எல்லாவற்றுக்கும் ஒரே புல்லாங்குழலைப் பின்னணியில் ஊதவிடுவார். வந்தவர்களை உட்கார வைத்து, தான் ட்ரோன் வைத்துப் பிடித்த ஒரு கல்யாணத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். மேலேயிருந்து பார்த்தால் மணமகனின் வழுக்கை தெளிவாகத் தெரிந்தது. தவநாயகி பொறுமையாகப் பார்த்தார். மணமகன் பாவம், யோகேஸ்வரனுக்கு அந்த வழுக்கை மட்டுமே நினைவில் நின்றது, பெயர்கூட மறந்துபோனது.

வாணி விழா வீடியோ கேட்டதும் பாலேந்திராவுக்கு ஆத்திரம் வந்தது.

“ஆறு மணித்தியாலம் நிண்டனான், அக்கா. கடைசியிலை ஒரு கை கடலையும் அவலும் தந்து அனுப்பினவை. சரஸ்வதி பூசையாம். அதுக்கு நான் என்ன, விரதமே?”

ஆறு மணிக்கே போய்விட்டாரா என்று தவநாயகி விசாரித்தார். பின்னே, என்றார் அவர். சனம் வந்த பிறகு மண்டபத்தை எப்படிப் படம் பிடிப்பது? கதிரை, கோலம், குத்துவிளக்கு, சரஸ்வதி படம் எல்லாவற்றையும் ஆள் இல்லாத நேரத்தில் பிடித்தால்தான் வீடியோவின் தொடக்கத்தில் பெயர் ஓட விடலாம். பெயர்களில் முதலாவது யாருடையது என்று கேட்கத் தேவையில்லை.

திரையில் மண்டபம் வந்தது. ஏற்றாத விளக்கு. ஒரு ஈகூட உட்காராத நீலக் கதிரை வரிசைகள். கமரா மெல்லத் திரும்பியது. சுவர்க்கடிகாரத்தில் ஆறு பத்து. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பொருளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான் யோகேஸ்வரன். கமரா வாசலுக்குப் போனது. வெள்ளைத் துணி விரித்த மேசை, அதற்கு மேல் சுவரில் ‘இங்கே வாக்களியுங்கள்’ என்ற தாள்.

“நிப்பாட்டுங்கோ” என்றார் தவநாயகி. “மேசையைப் பார், தம்பி.”

யோகேஸ்வரன் பார்த்தான். கதிரைகள் காலியாக இருந்ததை மட்டுமே அவன் அதுவரை கவனித்திருந்தான். மேசையும் காலி. டேப்லட் அங்கே இல்லை.

வாக்குகள் சரமாரியாக விழுந்துகொண்டிருந்த அதே நேரம், வாக்குப் பெட்டி என்று சொல்லப்பட்ட சாமான் மண்டபத்துக்கே வந்து சேரவில்லை. பாலேந்திராவிடம் பிரதி கேட்டார்கள். தன் பெயரோடுதான் தருவேன் என்றார். உங்கள் பெயரை விசாரணைச் சபை முழுதும் பார்க்கும் என்று யோகேஸ்வரன் உறுதி சொன்ன பிறகு புல்லாங்குழலோடு சேர்த்துப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

* * *

விசாரணை அறைக்கு வெளியே தமிழ்ச் சங்கப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தார்கள், துணைக்கு அல்ல. மேனுஷாவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தவநாயகி ஜதுர்ஷிகாவை ஓரமாகக் கூட்டிப் போய்ப் பேசினார். அவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள்.

“ஏலாது, அன்ரி. ரெண்டு மணித்தியாலம் பிந்தினனாங்கள் எண்டு எப்பிடிச் சொல்லுறது? தமிழர் இப்பிடித்தான் எண்டு இவையள் சிரிப்பினம்.”

“சிரிச்சா நாளைக்கு மறந்திடுவினம். கள்ளி எண்டு எழுதினா அழிக்கமாட்டினம். எது வேணும் எண்டு நீதான் யோசி.”

நான்கு மணி விசாரணைக்கு விசாரணைச் சபைத் தலைவர் ஐந்து மணிக்கு வந்தார். கார் நிறுத்த இடம் தேடினாராம். மன்னிப்புக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பிந்துவதற்கும் ஒரு பதவி வேண்டும் என்று யோகேஸ்வரன் தவநாயகியின் காதில் சொன்னான்.

விதிப்படி மாணவி இரண்டு பேரைத் துணைக்கு வைத்திருக்கலாம், தலைவர் அனுமதித்தால் அவர்கள் பேசலாம். தவநாயகி அனுமதி கேட்டார். அவருடைய ஆங்கிலம் முப்பது வருடத்துக்கு முன் இதே குரோய்டனில், குடிவரவு அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிப் பழகியது. எதிரே இருப்பவர் நம்பப் போவதில்லை என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு வசனத்தையும் கட்டுவார். அப்படிக் கட்டிய வசனம் லேசில் சரியாது.

கிருஷாந் முதலில் தன் சாட்சியை ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தான். நிரம்பிய மண்டபம், நீண்ட வரிசை, கால் வைக்க இடமில்லை. தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். தவநாயகி ஒன்றும் மறுக்காமல் வீடியோவைப் போட்டுக் காட்டினார். புல்லாங்குழல் ஊதியது. காலிக் கதிரைகள் வரிசையாக வந்தன, கடிகாரம் வந்தது, காலி மேசை வந்தது.

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தேர்தலை நடத்திய ஒன்றிய அதிகாரி இசபெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். அந்த டேப்லட்டைத் தான் சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஒன்றியத் தலைவர் கிரிஸ்ஸின் கையில் கொடுத்ததாகவும், தானே கொண்டுபோய் வைப்பதாக அவன் சொன்னதாகவும் மெல்லிய குரலில் சொன்னாள். சங்க அங்கத்தவர்களின் இலக்கமும் பிறந்த திகதியும் அவனுடைய கணினியிலும் இருக்கிறது என்பதைத் தலைவர் கேட்ட பிறகு சொன்னாள்.

கிருஷாந்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற வாய், சும்மா இருக்குமா? தனக்கு நேரம் மாறிவிட்டது என்றான். அன்றைக்கு ஓயாத வேலை. டேப்லட்டைக் காவலாளியிடம் கொடுத்தனுப்பினேன், அது எங்கெங்கே நின்று போனதோ யார் கண்டது? நான் போனது எட்டு மணியாக இருக்க வேண்டும். வரிசையையும் கூட்டத்தையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அங்கே நின்றேன், அதை யாரும் மறுக்க முடியாது என்றான். தலைவரின் முகத்தில் மறுபடி இரத்தம் ஓடியது. நல்ல பல்வரிசையுள்ள பிள்ளை களவெடுக்கும் என்று நம்ப அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

தவநாயகி யோகேஸ்வரனைப் பார்த்தார். யோகேஸ்வரன் அன்றைக்கு முதல் தடவையாக மரியாதையாக எழுந்து நின்றான். தனக்கு ஒரே ஒரு சின்ன வருத்தம் என்றான். அன்றைக்கு விழாவில் மட்டன் ரோல்ஸ் பிரமாதம் என்று கேள்விப்பட்டேன், எனக்குக் கிடைக்கவில்லை. தம்பிக்குக் கிடைத்ததா?

கிருஷாந்துக்குத் தமிழ் என்றால் மட்டன் ரோல்ஸ். அதைத் தாண்டி அவன் போனதில்லை. மூழ்குகிறவனுக்குக் கை கொடுத்தது போல அவன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டான். பிரமாதம்தான், இரண்டு சாப்பிட்டேன், சூடாக இருந்தது, வரிசையில் நின்றவர்கள் கையிலும் இருந்தது என்று அடுக்கினான்.

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இசபெலுக்கும் விளங்கவில்லை. தவநாயகி ஜதுர்ஷிகாவின் பக்கம் திரும்பினார். இனி அவள்தான் பேச வேண்டும், வேறு யார் சொன்னாலும் அது வக்கீல் வாதமாகத்தான் போகும். அவள் பேசமாட்டாளோ என்று யோகேஸ்வரன் பயந்தான்.

ஜதுர்ஷிகா எழுந்தாள். வாணி விழா என்றால் சரஸ்வதி பூசை என்றாள். நவராத்திரி நாள். படத்துக்கு முன்னால் புத்தகம் வைத்துக் கும்பிடும் இடத்தில் இறைச்சி கொண்டு வந்தால் அம்மாமார் எங்களை மண்டபத்தோடு கொளுத்திவிடுவார்கள். அன்றைக்குக் கொடுத்தது கடலையும் அவலும்தான். கிருஷாந் விழாவுக்கு வரவே இல்லை. ஆறு மணிக்கும் வரவில்லை, எட்டு மணிக்கும் வரவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு, விழா எட்டு மணிக்குத்தான் தொடங்கியது என்றாள். ஆறுக்குத் தொடங்கினதாகச் சொன்னது பொய். மண்டபம் பறிபோய்விடும் என்று பயந்தேன். எங்கள் ஆட்களைப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று வெட்கப்பட்டேன். அழைப்பிதழில் போட்ட நேரத்தை இவன் உண்மை என்று நம்பி, ஆறு மணிக்கு நாங்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறோம் என்று நினைத்து, தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் பெயரில் வாக்குப் போட்டிருக்கிறான்.

கட்டண உயர்வு வேண்டும் என்று ஊரெல்லாம் திரிந்த ஒன்றியத் தலைவன் ‘வேண்டாம்’ என்று எதற்காக வாக்குப் போட வேண்டும் என்று தலைவர் கேட்டார். அவருடைய தலைக்குள் வெளிச்சம் போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும் போலிருந்தது. தவநாயகி நிதானமாக விளக்கினார். வெல்வதற்குக் கள்ளவோட்டுப் போடுகிறவன் பத்துப் பேர் பெயரில், பத்து இடத்தில், பிடிபடாமல் போடுவான். ஒரே டேப்லட்டில், ஒரே சங்கத்தின் பெயரில், அரை மணித்தியாலத்துக்குள் நூற்றைம்பதுக்கு மேல் போடுகிறவனுக்கு வேண்டியது வாக்கு அல்ல. அது பிடிபட வேண்டும் என்பதற்காகவே போட்ட வாக்கு. தோற்கப் போகிற தேர்தலில், வெல்லப் போகிறவளைக் கள்ளி ஆக்கிவிட்டால் விதி தானாகவே வெற்றியைத் தூக்கிக் கொடுக்கும். கொடுத்தது.

கிருஷாந் தகப்பனைக் கூப்பிட வேண்டும் என்றான். அதைத் தமிழில் சொன்னான். வேலை மொழி அல்லாத மொழி அவசரத்துக்கு உதவியது.

தலைவரும் சபையும் பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். ஜதுர்ஷிகா மீதான குற்றச்சாட்டுக் கைவிடப்படுகிறது. அவள் படிப்பைத் தொடரலாம். கிருஷாந் ‘உடல்நலம் கருதி’ப் பதவியிலிருந்து ஒதுங்குவான், மற்றது உள்விசாரணை. வாக்கெடுப்பின் முடிவு உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும். இன்று இங்கே பேசியது எதுவும் வெளியே போகக் கூடாது, பல்கலைக்கழகத்தின் நற்பெயர் முக்கியம். தலைவர் இதை ஒரு பெரிய தானம் கொடுப்பது போல் சொல்லிவிட்டுப் புன்னகைத்தார். ஒரு பெண்ணின் நான்கு வருடத்தை ஒரு வாரமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்ததற்கு அவருக்கு நன்றி வேண்டியிருந்தது.

“வெளியில நிக்கிற பிள்ளையளுக்கு என்ன சொல்லப் போறியள்?” என்று ஜதுர்ஷிகா கேட்டது தமிழில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள். அவர்கள் வாக்கை நான் களவெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றும் சொல்ல மாட்டோம் என்றார் தலைவர். நீங்களும் சொல்லக் கூடாது. அதுதான் எல்லோருக்கும் நல்லது. உங்கள் பட்டம் பத்திரமாக இருக்கிறது, அதை மட்டும் நினையுங்கள்.

காலையில் அவள் கேட்டு வந்தது அந்தப் பட்டம் ஒன்றைத்தான். இனி வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறினால் எல்லாம் சுபம். ஏறட்டும், பிள்ளை பிழைத்துப் போகட்டும் என்று யோகேஸ்வரன் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். தவநாயகி கைப்பையை மூடினார்.

ஜதுர்ஷிகா கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்குப் போனாள். கதவை அவள் சாத்தவில்லை. அவள் நேரே மேனுஷாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான். எல்லாருக்கும் சொன்னனான்” என்றாள். “விழா ஆறு மணிக்குத் தொடங்கயில்லை. எட்டு மணிக்குத்தான் தொடங்கினது.”

மேனுஷா கட்டியிருந்த கையை எடுத்தாள்.

“அது எங்களுக்குத் தெரியுமடி. நாங்களே எட்டுக்குத்தானே வந்தனாங்கள். மிச்சத்தைச் சொல்லு.”

ஜதுர்ஷிகா மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினாள். உள்ளே தலைவர், யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள் என்றார். இசபெல் எழும்பவில்லை. வேறு யாரும் எழும்பவில்லை.